ஆழமில்லாத பக்கத்து ஆசிரியை

மார்ச் 4

தம்பிக்கு,

பன்னிரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல, ஒரு காரியமாக. ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விட்டதில்லை. கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

நான் நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நீர்த்தேக்கத்துச் சோதனைக்கூடத்தில் நான் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. படகில் போய்த் தண்ணீர் எடுத்து வருகிறவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார். அந்த வேலையை எனக்குத் தருவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை. ஜூன் இருபதாம் தேதி படகுத்துறையில் பரீட்சை வைப்பார்கள். இருபத்தைந்து மீட்டர் நீந்த வேண்டும். பிறகு உடுப்பும் செருப்புமாக ஐந்து நிமிஷம் மிதக்க வேண்டும். முடியாவிட்டால் வெளியாள் வருவார்.

அந்தத் தண்ணீரில் எத்தனை ஆழத்தில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காற்று, எந்த மாதத்தில் என்ன பாசி என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கணுக்கால் நனைய அதில் இறங்கியதில்லை. என் மேஜைக்கு எதிரே ஜன்னல். ஜன்னல் முழுக்கத் தண்ணீர். காலையில் வெயில் ஏறும்போது அது மொத்தமாக நிறம் மாறும். அந்த நேரத்தில் நான் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். ஒரு நாளாவது அதன் நடுவில் போய் நிற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன்னிடம் போய்ச் சொல்கிறேன் பார்.

ஊர் நீச்சல் குளத்தில் மூன்று பேர் கற்றுத்தருகிறார்கள். ஒருவர் மெடல் வாங்கியவர், சுவரில் படம் மாட்டியிருக்கிறது. ஒருவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இளைஞன். மூன்றாவது, டிக்கெட் கவுண்டரில் உட்காரும் அம்மா. நீ போட்டிக்காரர்களுக்குக் கோச். யாரிடம் சேரலாம் என்று மட்டும் சொல்.

நீ ஆழத்தில் கொண்டுபோய்க் கையை விட்டதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் அதையே கதையாகச் சொல்லிச் சிரிக்க வைத்ததையும் மறக்கவில்லை. சித்தப்பா பிள்ளைகள்கூட என்னைக் ‘கல்லு அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அதனால்தான் அந்தப் பக்கமே வருவதை நிறுத்தினேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். கேட்டதற்கு மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிரிக்கவே பத்து நிமிஷம் ஆனது.

கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன். மெடல்காரரிடம் சேர். வேறு பேச்சே வேண்டாம். அவரை எனக்குத் தெரியும். பக்கத்துப் பாதையில் நீந்தியிருக்கிறேன். தண்ணீரை அவர் வெட்டிக்கொண்டு போகிற அழகைப் பார்த்து நானே நின்றுவிட்டிருக்கிறேன். கற்றுக்கொள்வது என்றால் உச்சியில் இருப்பவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும். டிக்கெட் கிழிக்கிற அம்மாவிடம் போய் என்ன கற்பாய்?

ஒரு சிக்கல். அவர் முதல் நிலை ஆட்களை எடுப்பதில்லை. சேருகிற ஃபார்மில் ‘இரண்டாம் நிலை’ என்று எழுதிக்கொடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை முக்கத் தெரிந்தால் இரண்டாம் நிலைதான், தப்பில்லை. அதோடு நீ என் அக்கா. நம் வீட்டில் தண்ணீர் தெரியாதவர்கள் யார்? உடம்புக்குத் தானாக ஞாபகம் வரும்.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதவில்லை.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

உன் பேச்சைக் கேட்டு ஃபார்மில் இரண்டாம் நிலை என்று எழுதினேன். உன் பெயரையும் சொன்னேன். “ஓ, அவரோட அக்காவா?” என்று மெடல்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். அந்த மரியாதையே எனக்கு எமனாக வந்தது.

முதல் இரண்டு நாள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துச் சமாளித்தேன். மூன்றாம் நாள் எல்லோரும் ஆழமான பக்கத்தில் வரிசையாக நின்று ஒவ்வொருவராகக் குதிக்க வேண்டும் என்றார். எனக்கு முன்னால் ஒன்பது பேர் குதித்தார்கள். என் முறை வந்தது. கீழே நீல ஓடு தெரிந்தது. அன்றைக்கு நான் கீழே போகும்போது பார்த்த அதே நீலம்.

குதிக்கவில்லை. கால் வழுக்கி விழுந்தேன். பாதை பிரிக்கும் கயிற்றைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னைக் கரையேற்றினார்கள். மெடல்காரர் கெட்ட மனிதர் இல்லை. திட்டவும் இல்லை. ஆனால் அவருக்கு நான் என்ன என்றே புரியவில்லை. இரண்டாம் நிலை என்று எழுதியிருந்தீர்களே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொய் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் தலைசுற்றல் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை மேலாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். ஜன்னலே போதும். உன்னைக் கேட்டதற்கு என்னைத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கல்


மார்ச் 29

அக்கா,

மேலாளரிடம் சொல்லாதே. சொல்லிவிட்டால் போய் மாற்றிச் சொல். இன்னும் பன்னிரண்டு வாரம் இருக்கிறது.

நான் தப்பான ஆளிடம் அனுப்பினேன். யோசித்துப் பார்த்ததில் காரணமும் தெரிகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஏற்கெனவே மீன்கள். தண்ணீருக்குப் பயந்த ஒருவருக்குக்கூட நான் இதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. உனக்கு ஒருமுறை முயன்றேன், அது எப்படி முடிந்தது என்று உனக்கே தெரியும். அப்படியிருக்க, தெரியாது என்று சொல்லாமல் பெரிய பெயரைச் சொன்னேன். அவர் சொல்லிக்கொடுத்து நீ நீந்தினால் அது நானே சொல்லிக்கொடுத்த மாதிரி என்று ஒரு அற்ப நினைப்பும் இருந்தது.

இப்போது எழுதுவது தெரிந்த விஷயம். யாரிடமும் சேராதே. குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார். ஒவ்வொருவர் வகுப்பையும் ஒரு முழு மணி நேரம் பார். மாணவர்களைப் பார்க்காதே, ஆசிரியரைப் பார். எங்கே நிற்கிறார், கரையிலா தண்ணீரிலா? எதைப் பார்க்கிறார்? ஒருவருக்குத் தண்ணீர் புரையேறினால் என்ன செய்கிறார்? பிறகு போய், நீங்கள் எந்த வயதில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேள். மெடலைக் கேட்காதே. ஃபார்மில் உண்மையை எழுது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

மேலாளரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவர் விடுப்பு. செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்துவிட்டது.

மூன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்தேன். சோதனைக்கூடத்துப் பழக்கம் விடுமா, நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டேன்.

மெடல்காரர் கரையில் நிற்கிறார். கையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒருவருக்குப் புரையேறினால், “மூச்சை வெளியே விடு” என்று கரையிலிருந்து சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். அந்தப் பிள்ளைகளும் விட்டுவிட்டு மேலே போகிறார்கள். ஐந்து வயதில் கற்றுக்கொண்டாராம். பயந்த ஞாபகமே இல்லை என்றார். என்னிடம் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன், நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

இளைஞன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். எட்டுப் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க அவனுக்கு எங்கிருந்தோ எட்டுக் கண் இருக்கிறது. புரையேறினால் அவனும் இருமிக் காட்டுவான், அழ வந்த பிள்ளை சிரித்துவிடும். எனக்கு அவனை ரொம்பப் பிடித்தது. ஆனால் என்னைப் பார்த்து, “பொம்மை வாத்து வேணுமா ஆன்ட்டி?” என்று நிஜமாகவே கேட்டான். நாற்பத்தேழு வயதில் வாத்தைப் பிடித்துக்கொண்டு மிதக்க எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது டிக்கெட் அம்மா. ஐந்து மணிக்குக் கவுண்டரைச் சாத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஆழமில்லாத பக்கத்தில் இறங்குகிறார். கழுத்தளவு உட்கார்ந்துகொள்கிறார். வகுப்பில் நான்கே பேர், எல்லோரும் என் வயதுக்காரர்கள். அவர் கையையோ காலையோ பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறார். ஒருவருக்குப் புரையேறியது. வகுப்பையே நிறுத்திவிட்டார். அந்த மனிதருக்கு மூச்சு சீராகும்வரை மற்ற மூன்று பேரும் சும்மா நின்றார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. ஒரு ஆள் மூச்சு வாங்குவதற்காக ஒரு குளமே காத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, குளோரின் என்று சொல்லிக்கொண்டேன்.

எந்த வயதில் கற்றீர்கள் என்று கேட்டேன். முப்பத்தெட்டு வயதிலாம். அதற்குமுன் வாளித் தண்ணீரில் முகம் கழுவும்போதுகூடப் பயத்தில் கண்ணை மூட மாட்டாராம். “நான் ஒண்ணும் பெரிய நீச்சல்காரி இல்லம்மா. இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போவேன், திரும்பி வருவேன், அவ்வளவுதான்” என்றார்.

ஃபார்மில் முதல் நிலை என்று எழுதினேன். அவர் அதைப் பார்க்காமலே மடித்து வைத்துவிட்டு, “உங்களுக்கு எது பயம்?” என்று கேட்டார். தண்ணீர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “தண்ணி இல்லை. பிடிச்ச கை விட்டுடும்னு பயம்.”

அவர் தலையாட்டினார். “நான் விட மாட்டேன். நீங்களா விடற வரைக்கும் என் கை அங்கேயேதான் இருக்கும்.”

நீயும் விட மாட்டேன் என்றுதான் சொன்னாய். அதனால் நான் இன்னும் நம்பவில்லை. நாளைக்கு முதல் வகுப்பு.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

ஆமாம், சொன்னேன். சொல்லிவிட்டு விட்டேன். என் கோச் எனக்கு அப்படித்தான் செய்தார், நான் நீந்தினேன். எல்லோரும் நீந்துவார்கள் என்று நினைத்தேன். நீ மேலே வரவில்லை. ஏழு எண்ணுவதற்குள் உன்னை எடுத்துவிட்டேன். அந்த ஏழில் நீ போய்விட்டாய் என்றே நினைத்தேன். கரைக்கு வந்ததும் சிரித்தது அதனால்தான். சிரிக்காமல் இருந்தால் அழுதிருப்பேன். பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அதை ஒரு வேடிக்கைக் கதையாக ஆக்கிக்கொண்டேன். உன் பெயரைக் கெடுத்து என் பயத்தை மறைத்தேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு சந்தேகம். அந்த அம்மா கையை எப்படி வைத்துக்கொள்கிறார்? உன்னை அவர் பிடிக்கிறாரா, அவரை நீ பிடிக்கிறாயா? பார்த்து எழுது. எனக்குத் தெரிய வேண்டும்.

தம்பி


மே 21

தம்பிக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை.

அவர் பிடிப்பதே இல்லை. அதுதான் விஷயம். தண்ணீருக்குள் உள்ளங்கையை மேல் பார்க்க விரித்து நீட்டுவார், தட்டு நீட்டுகிற மாதிரி. என் கை அதன்மேல் இருக்கும். இன்னொரு கை என் பின்னந்தலைக்குக் கீழே. மல்லாந்து படு, கூரையைப் பார் என்பார். நான் படுப்பேன், உடனே இடுப்பு மடங்கும், அவர் விரலை நசுக்குவேன். “பரவாயில்ல, திரும்பப் படுங்க.” இதேதான் வாரத்தில் மூன்று நாள், நான்கு வாரம். கூட இருந்த நான்கு பேரும் மிதந்துவிட்டார்கள். நான் மட்டும் அவர் விரல்களைப் பிழிந்துகொண்டிருந்தேன். ஒருமுறைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. ஐந்தாம் வாரம், “தலைக்குக் கீழ இருக்கற கையை இப்ப எடுக்கப் போறேன். நீங்க அதுமேல சாயவே இல்லை, ரொம்ப நாளாச்சு” என்றார். சொல்லிவிட்டு எடுத்தார். சொன்ன பிறகுதான் எடுத்தார், கவனி.

நேற்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கூரை தகரம், நடுவில் வெளிச்சம் வர ஒரு கண்ணாடி. அதில் ஒரு இலை விழுந்து கிடந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள். வெளியிலிருந்து சத்தம் ஒன்றும் இல்லை. ஏதோ அடிக்கிற சத்தம் கேட்டது. மோட்டார் என்று நினைத்தேன். கேட்கக் கேட்க அது என் நெஞ்சு என்று புரிந்தது. நாற்பத்தேழு வருஷமாக எனக்காக அடித்துக்கொண்டிருக்கிறது, நான் ஒரு நாள் உட்கார்ந்து கேட்டதில்லை. அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தண்ணீர் என் முதுகுக்குக் கீழே இருந்தது. அது என்னைத் தூக்கவில்லை, நானும் அதை அழுத்தவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது போல இருந்தது. இத்தனை பெரிய சங்கதி எப்போதும் இங்கேயே இருந்திருக்கிறது. படுத்தால் போதும், தாங்கும். பத்தொன்பது வருஷமாக இதைக் குப்பியில் அடைத்துக் குலுக்கிப் பார்த்திருக்கிறேன், இதை மட்டும் எந்தச் சோதனையிலும் பார்த்ததில்லை.

மெதுவாகக் கண்ணைத் திருப்பினேன். டிக்கெட் அம்மா இரண்டு ஆள் தூரத்தில் நின்றிருந்தார். நான் எப்போது கையை எடுத்தேன், எப்போது நகர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவர் கை மட்டும் நான் விட்ட இடத்திலேயே விரித்தபடி இருந்தது. நான் எழுந்து நிற்கும்வரை அதை அவர் மடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். சந்தோஷம்தான். உன் கடிதத்தையும் திரும்ப எடுத்துப் படித்தேன். நீ மன்னிப்புக் கேட்டதற்குப் பதில் தரவில்லை என்று தெரியும். கொஞ்சம் பொறு.

அக்கா


மே 29

அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டுக் குளத்துக்குப் போனேன்.

எங்கள் குளத்தில் மருந்து கலக்குகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒன்பது வருஷமாகத் தினமும் அந்தத் தண்ணீரின் கரையில் நடக்கிறார், அதில் இறங்கியதே இல்லை. நானும் ஒரு நாள் ஏன் என்று கேட்டதில்லை. அன்றைக்கு அவரைக் கூப்பிட்டேன். என்னை நம்பாமல் மூன்று முறை வேண்டாம் என்றார், நான்காம் முறை வந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினேன். எதுவும் சொல்லவில்லை. சொல்ல எத்தனை வாக்கியம் வாய்வரை வந்தது தெரியுமா? காலை உதை, வயிற்றைத் தூக்கு, பயப்படாதே. எல்லாவற்றையும் விழுங்கினேன். கடிகாரத்தைக் கரையிலேயே வைத்துவிட்டேன்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஐந்தாம் நாள் என் கை மரத்துப்போயிருந்தது. என் மாணவர்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பாதைக் கயிற்றில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் திட்டவில்லை. அவர் விரல் ஒவ்வொன்றாக என் கையிலிருந்து எழுந்தது. அப்புறம் அவர் முகம். அக்கா, இருபத்தாறு வருஷமாக நான் தண்ணீரில் இருக்கிறேன். வெற்றி பெற்ற முகம் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்த்ததில்லை. “சார், பிடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “யாரு பிடிச்சிருக்காங்க?” என்றார்.

அன்றைக்கு உனக்கு நான் தந்திருக்க வேண்டியது இதுதான். ஏழு எண்ணிக்கையில் பிடுங்கிக்கொண்டேன்.

இருபதாம் தேதி நான் வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

தம்பி


ஜூன் 21

தம்பிக்கு,

வரலாம் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. பரீட்சை முடிகிறவரை வேறு எதையும் தலையில் ஏற்ற எனக்குத் தெம்பில்லை. ஆனால் வேலிக்கு வெளியே, கையில் துண்டோடு, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றது நீதான். தலை நரைத்தாலும் அந்த நிற்கிற கோணல் மாறவில்லை. மல்லாந்து மிதக்கிறவளுக்கு நாலா பக்கமும் நன்றாகத் தெரியும். உள்ளே வராமலே போய்விட்டாய்.

இருபத்தைந்து மீட்டரை மல்லாந்தே கடந்தேன். அதைப் பார்த்த அதிகாரி தாளில் ‘மிக மெதுவாக’ என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ‘தேர்ச்சி’ என்றும் எழுதினார். உடுப்போடும் செருப்போடும் மிதக்கும்போது கடைசி ஒரு நிமிஷம் செருப்பு கனத்தது. மூச்சு தடுமாறியது. நீட்டிய கையை நினைத்துக்கொண்டேன். யாருடையது என்று பிரித்து நினைக்கவில்லை.

இன்று காலை படகில் போனேன். நடுவில் மோட்டாரை நிறுத்தினார்கள். எனக்குக் கீழே முப்பது மீட்டர். கயிற்றில் குப்பியைக் கட்டி அடிவரை இறக்கினேன், இழுத்தேன். மேலே வந்த குப்பி கையைச் சுட்டது போலக் குளிர்ந்தது. சோதனைக்கூடத்துக்கு வருவதற்குள் எல்லாக் குப்பியும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாகிவிடும். அந்தக் குளிரை எண்ணாக எழுதியிருக்கிறேன், கையில் வாங்கியதில்லை. வெயில் ஏறியது. ஜன்னலில் பார்த்த அந்த நிறம் இந்த முறை என்னைச் சுற்றி மாறியது. படகுக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, கொஞ்சம் சும்மா இருங்கள் என்றேன்.

இதோடு ஒரு ஃபார்ம் வைத்திருக்கிறேன். டிக்கெட் அம்மாவுக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். ஆழமில்லாத பக்கத்தில் பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள், அவருக்கு இரண்டு கைதான். உன்னைப் பற்றிச் சொன்னேன். போட்டிக்கோச் என்றதும் முகம் கோணினார். மருந்து கலக்குகிறவர் கதையைச் சொன்னேன், பிறகு யோசித்தார். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து அவரிடம் கற்றுக்கொண்டால் சேர்த்துக்கொள்வாராம். உன் பெயரை நானே எழுதிவிட்டேன். நிலை என்ற இடத்தில் ‘முதல் நிலை’ என்று எழுதியிருக்கிறேன். பொய் எழுதி நான் பட்டது போதும்.

அவர் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி உனக்குத் தெரியும். பதிலோடு வா. வீட்டில்தான் தங்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

ஃபார்மில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நிலையை மாற்றவில்லை.

டிக்கெட் அம்மா கேட்பதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வேலியைத் தாண்டி ஏன் வரவில்லை என்றால், நான் கையை நீட்டி நீ பிடிக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான். அதைத் தவிர எனக்குத் தண்ணீரில் வேறு பயம் இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்து சேருவேன். துண்டு நானே கொண்டுவருகிறேன்.

தம்பி